உஷார்! கொல்லிமலைக் கிழங்கைக் கூடையிலிருந்து எடுக்கும் முன்

ஆடி பிறந்தால் காரவள்ளி அடிவாரத்தில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். ஆடிப்பெருக்கும் வல்வில் ஓரி விழாவும் கைகோத்து வருகிற அந்த நாட்களில் எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் ஹாரன் சத்தம் ஓயாது. வளைவுகளின் ஆபத்தைச் சொல்ல நெடுஞ்சாலைத் துறை வழியெல்லாம் பலகை வைத்திருக்கிறது. அதைப் பற்றி நான் சொல்ல வேண்டியது இல்லை. எந்தப் பலகையிலும் எழுதாத ஆபத்து ஒன்று உண்டு. அது மலை இறங்கும்போது உங்கள் வண்டியின் பின்பக்கத்தில், மிளகுப் பொட்டலத்துக்கும் பலாப்பழத்துக்கும் நடுவே, பழுப்பு ரோமத்தோடு ஒரு பையில் கிடக்கிறது.

முடவாட்டுக்கால். பெயரைக் கேட்டதும் பாதிப் பேருக்கு நாக்கில் மிளகுக் காரம் வந்திருக்கும். செம்மேட்டுக் கடைவீதியிலும் அறப்பளீஸ்வரர் கோயிலைச் சுற்றியும் ஆகாய கங்கை அருவிக்கு இறங்கும் படிகளின் தலைமாட்டிலும் கூறு கூறாகக் குவித்து வைத்திருப்பார்கள். தோல் சீவாமல் பார்த்தால் நிஜமாகவே ஆட்டுக்கால் போலத்தான் இருக்கும், ரோமம் உட்பட. பக்கத்திலேயே அடுப்பில் சூப் கொதிக்கும். "மூட்டு வலி, முழங்கால் வலி எல்லாத்துக்கும் கேக்கும், குடிச்சுப் பாருங்க சார்" என்பார்கள். ஆகாய கங்கையின் படிகளை இறங்கி ஏறிய முழங்காலுக்கு அந்த வார்த்தையை விட இதமானது வேறில்லை. குடிக்கிறோம். வீட்டுக்கும் இரண்டு கிலோ வாங்குகிறோம். அக்காவுக்கு, மாமியாருக்கு, ஆபீசில் ஒருவருக்கு.

அந்தக் கிழங்கு கிழங்கே இல்லை. மரத்தின் மேலும் பாறை மேலும் ஒட்டி வளர்கிற ஒரு பெரணியின் தண்டு அது. டிரைனேரியா குவெர்சிஃபோலியா என்பது அதன் அறிவியல் பெயர். மண்ணில் வேர் விடாமல் மரப்பட்டையைப் பற்றிக்கொண்டு வளர்வதால், சோற்றுக்கு அது செய்யும் ஏற்பாடு விசித்திரமானது. இரண்டு வகை இலை விடும். ஒன்று பச்சையாக, நீளமாக, சிறகு போலப் பிரிந்து நீட்டிக்கொண்டிருக்கும். இன்னொன்று குட்டையாக, அகலமாக, தண்டின் மேல் கவிந்து சீக்கிரமே பழுப்பாகிவிடும். பார்க்கிறவர் காய்ந்து போன சருகு என்று நினைப்பார். அந்தச் சருகுதான் செடியின் உண்டியல். மேலிருந்து விழும் இலை, தூசி, பூச்சியின் மிச்சம், பறவை எச்சம் எல்லாம் அந்தக் குழிவில் சேர்ந்து மட்கி உரமாகும். செடி தனக்கான மண்ணைத் தானே மரத்தின் மேல் சேர்த்துக்கொள்கிறது. அந்த மண்ணில் வேறு சின்னச் செடிகளும் ஒண்டிக்கொள்ளும்; பூச்சிகளும் எறும்புகளும் குடியிருக்கும். வெயில் காலத்தில் பச்சை இலை உதிர்ந்து, செத்ததுபோல் கிடந்து, மழை விழுந்ததும் மறுபடி தளிர்க்கும்.

இத்தனை வேலையையும் தாங்குவது அந்தத் தண்டுதான். நீரும் சத்தும் சேர்த்து வைத்திருப்பது அதில். அதைப் பெயர்த்தெடுத்தால் இலை மிஞ்சாது, செடி மிஞ்சாது, சேர்த்து வைத்த மண் பட்டையிலிருந்து சரிந்து விழும். முருங்கைக்காய் பறிப்பதுபோல் இது விளைச்சலை எடுக்கும் வேலை இல்லை. ஒவ்வொரு கிலோவும் ஒரு செடி, சில சமயம் பல செடிகள். பெரணிக்கு விதை கிடையாது. இலையின் அடியில் உண்டாகும் பொடி போன்ற வித்துத்தூள் காற்றில் போய், ஈரமான பட்டையிலோ பாறை இடுக்கிலோ விழுந்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு பருவத்தைக் கடந்து, அதற்கப்புறம்தான் செடி என்று சொல்லும்படி ஏதோ முளைக்கும். அது ஆட்டுக்கால் பருமனுக்கு வர எத்தனை மழைக்காலம் வேண்டும் என்று அந்தக் கூறு விலையில் யாரும் சேர்ப்பதில்லை.

மருந்து விஷயத்துக்கும் ஒரு வார்த்தை. மலைவாழ் மக்கள் இதை நெடுங்காலமாக உணவாகவும் மருந்தாகவும் பயன்படுத்துகிறார்கள். அதைக் கேலி செய்ய எனக்குத் தகுதி இல்லை. ஆய்வகங்களில் இதன் சாற்றை எலிகளுக்குக் கொடுத்து வீக்கமும் வலியும் குறைகிறதா என்று பார்த்த ஆய்வுகளும் வந்திருக்கின்றன. எலிக்குக் கொடுத்த சாறும் சுற்றுலாக் கடையில் மிளகு, சீரகம், சோளமாவு கலந்து கொதித்த சூப்பும் ஒன்றல்ல. ஒரு கிண்ணம் குடித்தால் தேய்ந்த மூட்டு வளரும் என்று யூடியூபில் ஒருவர் சத்தியம் செய்தால், அவர் விற்பது கிழங்கையா காணொளியையா என்று யோசியுங்கள். அந்தச் சூப்பில் பாதி சுகம் மிளகு தருவது. கொல்லிமலை மிளகு அப்படிப்பட்டது.

முன்பு இந்தச் சூப் மலைக்காரர் வீட்டுச் சமையல். வேண்டும்போது பக்கத்துப் பாறையிலிருந்து ஒரு துண்டு வெட்டுவார்கள். மிச்சம் பாறையில் இருக்கும், வளரும். பிறகு அது மலைக்கு வந்தவர்களின் வேடிக்கைத் தின்பண்டம் ஆனது. இப்போது சென்னையில் உட்கார்ந்தபடி ஆன்லைனில் கிலோ கணக்கில் வரவழைக்கலாம். பொடியாக, காயவைத்த வில்லையாக, சூப் மிக்ஸாக. வீட்டுத் தேவைக்கு அளவு உண்டு. வீட்டுக்கதவு வரை வரும் கூரியருக்கு அளவு கிடையாது. கைக்கெட்டும் மரத்தில் தீர்ந்தால் உயரத்து மரம், அதுவும் தீர்ந்தால் செங்குத்துப் பாறை. எடுப்பவரின் உயிருக்கும் அது ஆபத்து.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். முடவாட்டுக்கால் உலகத்திலிருந்தே அழியப்போகிற செடி இல்லை. இந்தியாவில் தொடங்கித் தென்கிழக்கு ஆசியா வழியாக ஆஸ்திரேலியாவின் வடக்கு வரை பரவியிருக்கும் பெரணி அது. "அப்புறம் எதற்கய்யா உஷார்?" என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆஸ்திரேலியாவில் இருக்கும் பெரணி கொல்லிமலையின் திருப்புலி நாட்டு மரத்துக்கு வந்து உட்காராது.

கொல்லிமலையை வரைபடத்தில் பாருங்கள். கிழக்குத் தொடர்ச்சி மலை என்று பெயர்தான் தொடர்ச்சி. தமிழ்நாட்டுக்குள் அது துண்டு துண்டாக உடைந்து கிடக்கிறது. சேர்வராயன், கல்வராயன், பச்சைமலை, கொல்லிமலை, ஜவ்வாதுமலை என்று ஒவ்வொன்றும் தனித்தனி. நடுவே வெயிலும் நெல்லும் கோழிப்பண்ணையுமாகச் சமவெளி. கடல் மட்டத்திலிருந்து 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கும் குளிரும் ஈரமும் பழகிய செடிக்கு நாமக்கல் வெயில் கடல் மாதிரி. நீந்திக் கடக்க முடியாது. மேலே இருப்பது தீவு. வளப்பூர் நாடு, அரியூர் நாடு, வாழவந்தி நாடு, குண்டூர் நாடு, திருப்புலி நாடு என்று மலையாளி மக்கள் மலையை நாடு நாடாகப் பிரித்துப் பெயர் வைத்ததும் பொருத்தம்தான். உள்ளே ஒரு முழு உலகம் இருக்கிறது. பக்கத்துச் சேர்வராயன் மலையில் அந்த மலையின் பெயரையே தாங்கிய வெர்னோனியா ஷெவராயென்சிஸ் என்ற சிறு மரம் உண்டு. தனித்து நின்ற மலை தனக்கென்று செடி வளர்த்துக்கொள்ளும் என்பதற்கு அது சாட்சி.

தீவில் தீர்ந்தால் தீர்ந்ததுதான். தெற்கு அட்லாண்டிக்கில் செயின்ட் ஹெலினா என்றொரு தீவு; நெப்போலியனைச் சிறை வைத்த இடம். அங்கே மட்டும் வளர்ந்த, ஆலிவ் என்று பெயர் மட்டும் கொண்ட ஒரு மரம் இருந்தது. காட்டிலிருந்த கடைசி மரம் 1994-ல் பட்டுப்போனது. அதன் கன்றுகளைத் தோட்டத்தில் வைத்துத் தாவரவியலாளர்கள் பார்த்துக்கொண்டார்கள். பூஞ்சை விழுந்தது, கரையான் ஏறியது, 2003-ல் கடைசிச் செடியும் போனது. யாரும் தூங்கவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு இனம் முடிந்தது. அதே தீவின் கருங்காலி மரத்துக்கு மட்டும் அதிர்ஷ்டம் இருந்தது. அழிந்தே போனது என்று எழுதி வைத்திருந்த அதை 1980-ல் ஒரு செங்குத்துப் பாறையில், இரண்டே இரண்டு செடியாக, கண்டுபிடித்தார்கள். அதிலிருந்து கிளை எடுத்து மறுபடி பெருக்கினார்கள். நம் மலையில் செங்குத்துப் பாறைக்கும் கயிறு கட்டி இறங்கும் காலம் வந்துகொண்டிருக்கிறது என்பதை மேலே சொன்னேன்.

சரி, முடவாட்டுக்கால் உலக அளவில் தப்பித்துக்கொள்ளும் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த கூடையைப் பார்ப்போம். அதில் இருப்பது தப்பிக்கும் ரகம் இல்லை.

மாகாளிக் கிழங்கு. தயிர்சாதப் பிரியர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. தை, மாசியில் கீரைக்காரம்மாவின் கூடையில் மண்ணோடு வரும். ஊறவைத்து, தோல் சீவி, நடு நரம்பை எடுத்துவிட்டு, மோரிலோ எலுமிச்சையிலோ ஊறுகாய் போடுவார்கள். அந்த வாசனை ஒன்று பிடிக்கும், இல்லை மூட்டைப்பூச்சி வாடை என்று ஓட வைக்கும். நடுவில் நிற்பவரை நான் பார்த்ததில்லை. வாசனைக்குக் காரணமான சேர்மம் வெனிலாவின் வாசனைச் சேர்மத்துக்கு மிக நெருங்கிய சொந்தம். மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் இந்த வேரை வைத்து நிறையவே ஆராய்ந்திருக்கிறது.

டெகாலெபிஸ் ஹாமில்டோனி என்ற இந்தக் கொடி தென்னிந்தியாவின் வறண்ட மலைச்சரிவுகளில், பாறை இடுக்குகளில் மட்டும் வளர்வது. உலகத்தில் வேறெங்கும் கிடையாது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதைத் தன் சிவப்புப் பட்டியலில் அழியும் ஆபத்திலிருக்கும் இனமாகவே வைத்திருக்கிறது. புலியும் அதே படியில்தான் இருக்கிறது. புலியை ஊறுகாய் போட யாரும் நினைக்க மாட்டார்கள். மாகாளியை ஜாடி ஜாடியாகப் போடுகிறோம், வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைக்குப் பார்சலும் கட்டுகிறோம்.

ஊறுகாய் மட்டும் என்றால் கூடப் பரவாயில்லை. நன்னாரி வேர் மெல்லியது, தோண்டினால் கொஞ்சம்தான் தேறும். மாகாளி வேர் பருமன், ஒரு கொடிக்கே கொத்துக் கொத்தாகக் கிடைக்கும், வாசனையும் ஏறக்குறைய அதேதான். அதனால் வணிகத்தில் நன்னாரிக்குப் பதிலாக இதுவே நுழைந்து வெகுகாலம் ஆகிறது. கோடையில் நீங்கள் குடித்த சர்பத்தில் இருந்தது நன்னாரிதான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆந்திரா, கர்நாடகா பக்கம் சர்பத்துக்கு வெளிப்படையாகவே இந்த வேரைத்தான் பயன்படுத்துகிறார்கள். மலையில் கடப்பாரை போடுபவருக்குக் கிடைப்பது கிலோவுக்கு ஏதோ ஒரு தொகை. வேரைக் கொஞ்சம் விட்டுவைத்துத் தோண்டினால் கொடி மறுபடி வரும். அடுத்த வருஷம் அந்தக் கொடியை வேறொருவர் முழுக்கத் தோண்டிவிடுவார் என்று தெரிந்த ஆள் ஏன் விட்டுவைப்பார்? காயில் பஞ்சு வெடித்து விதை பறப்பதற்கு முன்பே கொடி போய்விட்டால் அந்தச் சரிவில் அடுத்த தலைமுறை கிடையாது.

மூன்றாவது கூடை இன்னும் மோசம், ஏனென்றால் அதில் பசியும் இல்லை, ருசியும் இல்லை. ஆகாச கருடன் கிழங்கு என்று ஒன்றைக் கயிற்றில் கட்டி வாசலில் தொங்கவிடுகிறார்கள். கண் திருஷ்டி போகுமாம், பாம்பு வராதாம். தண்ணீர் இல்லாமலே தளிர் விடுவதைப் பார்த்து அதிசயம் என்கிறார்கள். கிழங்கு தன்னிடம் சேர்த்து வைத்த கடைசிச் சத்தில் தளிர் விடுகிறது. அது தீர்ந்ததும் சுருங்கிப்போகும். நாம் வேறொன்று வாங்கிக் கட்டுவோம். மதனகாமப்பூ என்று விற்பது சைகஸ் சிர்சினாலிஸ் என்ற பழமையான தாவரத்தின் ஆண் கூம்பு. அந்த இனத்தில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. ஆண் கூம்பையெல்லாம் பறித்து லேகியத்துக்கு அனுப்பினால் பெண் செடி யாரிடம் மகரந்தம் வாங்கும்? இதுவும் சிவப்புப் பட்டியலில் ஆபத்துப் படியில் இருக்கிறது. ஆண்மைக்கு மருந்தென்று சொல்லி ஒரு தாவரத்தின் ஆண்மையைப் பறிக்கிறோம்.

சித்தர் மலை, மூலிகை மலை என்று நாம் கொடுத்த பட்டம் கொல்லிமலைக்கு இப்படித்தான் பலித்திருக்கிறது. பெயர் தெரியாத வேரைக்கூட "இது கொல்லிமலை வேர்" என்றால் விலை கேட்காமல் வாங்க ஆள் இருக்கிறது.

இதில் உங்கள் உயிருக்கும் உஷார் தேவை. கூடையில் இருப்பது எது என்று உங்களுக்குத் தெரியாது. சில சமயம் விற்பவருக்கும் தெரியாது. நம் மாநிலப் பூவான செங்காந்தளின் கிழங்கு கொடிய நஞ்சு. அதிலுள்ள கொல்சிசின் உள்ளே போனால் வாந்தியில் தொடங்கி உறுப்பு உறுப்பாகச் செயலிழந்து உயிர் போகும். காட்டு வள்ளிக்கிழங்குகளில் சிலவற்றை மலைக்காரர்கள் பலமுறை அவித்து, நீரில் அலசி, அப்புறம்தான் வாயில் வைப்பார்கள். அந்தப் பக்குவம் கூடையோடு சேர்ந்து வராது. வாட்ஸ்அப்பில் வந்த படத்தை வைத்துக் கிழங்கை அடையாளம் காணும் வேலை வேண்டவே வேண்டாம்.

காட்டிலிருந்து போவது இப்படி என்றால், விளைநிலத்திலிருந்து போனது இன்னொரு விதம். சாமை. இந்த மலையின் மேட்டுக்காடுகளில் சாமை என்பது ஒரே தானியம் இல்லை. சடஞ்சாமை, கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, திருகுலாசாமை என்று குடும்பமே உண்டு. கேழ்வரகிலும் சுருட்டை, சுண்டாங்கி, கருமுழியான். ஒன்று சீக்கிரம் விளையும், ஒன்று மண் கெட்ட இடத்திலும் நிற்கும், ஒன்று களிக்கு நல்லது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இங்கே விதைகளைத் தேடிச் சேர்த்து, கிராமங்களில் விதை வங்கி வைத்து, விதைப்பவர்களைக் குழுவாக்கி உழைத்திராவிட்டால் இந்தப் பெயர்களில் பாதி இன்று நமக்குத் தெரிந்தே இருக்காது.

சாமையைத் தள்ளிவிட்டு வந்தது குச்சிக்கிழங்கு. தென் அமெரிக்காவிலிருந்து வந்த மரவள்ளியைத்தான் நாமக்கல், சேலம் பக்கம் அப்படிச் சொல்வோம். ராசிபுரம், ஆத்தூர் பக்கத்துச் சேகோ மில்களுக்கு லாரி லாரியாக வேண்டும், மலையில் விளைந்தது. விவசாயியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சாமையைக் குத்திப் புடைப்பது பெண்களின் தோள்வலி. வீட்டுக்கு ஒரு வேளைச் சோற்றுக்கு உலக்கை பிடித்துப் பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும். ரேஷனில் அரிசி வந்தது, கிழங்குக்குக் கையில் பணம் வந்தது, உலக்கை மூலைக்குப் போனது. உமி நீக்கும் இயந்திரம் கிராமத்துக்கு வந்த பிறகுதான் சாமை கொஞ்சம் மூச்சு விட்டது. ஒரே பயிரை நம்பினால் என்ன ஆகும் என்று 2020-க்குப் பின் மாவுப்பூச்சி வந்து காட்டியது. கேரளத்தில் தொடங்கி இந்தப் பக்கம் பரவி மரவள்ளிக் காடுகளைச் சுருட்டியது. ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து 2022-ல் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் பறக்கவிட வேண்டியிருந்தது. சரிவில் மரவள்ளி பிடுங்கும்போது மண் கிளறப்பட்டு மழையில் ஓடுவது தனிக் கணக்கு.

மரங்களின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மிளகுக்கொடி ஏற்ற ஆஸ்திரேலியாவின் சில்வர் ஓக் வந்தது. கிளை கழித்து, ஒட்டடைக்கம்பு போல நேராக நிறுத்திய அந்த மரத்தில் பெரணிக்கும் ஆர்க்கிடுக்கும் உட்கார இடமில்லை. அவற்றுக்கு வேண்டியது கிளை பரப்பிய, பட்டை வெடித்த பழைய பலாவும் மாவும் காட்டு மரங்களும். வெட்டிய இடமெல்லாம் உண்ணிச்செடி ஏறிக்கொண்டது. அழகுக்காக வெள்ளைக்காரர் காலத்தில் நாட்டுக்குள் வந்த செடி இன்று ஆடு கூட நுழைய முடியாத புதர். மேட்டூர் அலுமினிய ஆலைக்காக இந்த மலையின் தலையில் பாக்சைட் வெட்டினார்கள். எதிர்ப்பு கிளம்பி, வழக்கு நடந்து, 2008 வாக்கில் அந்த இயந்திரங்கள் ஓய்ந்தன. அன்று எதிரி யார் என்று கண்ணுக்குத் தெரிந்தது, லாரிக்கு நம்பர் இருந்தது. இன்றைய ஏற்றுமதி உங்கள் பையிலும் என் பையிலும் இரண்டு இரண்டு கிலோவாக இறங்குவதால் எந்தச் சோதனைச் சாவடிக்கும் அது பெரிதாகத் தெரிவதில்லை.

மலையின் செடிகளை இதுவரை உண்மையாகக் காத்தது எது என்று கேட்டால், கோயில் காடு என்பேன். ஊருக்கு ஊர் சாமிக்கென்று விட்ட காடு. செருப்புப் போட்டு நுழையக் கூடாது, விறகு கூட எடுக்கக் கூடாது. சட்டம் எழுதப்படாத காலத்திலேயே நடைமுறையில் இருந்த சட்டம். வெளியில் காணாமல் போன மரம் அங்கே கிழடாகி நிற்கும். இப்போது அந்தச் சாமிகளுக்குக் கோபுரம் வேண்டும் என்று நமக்குத் தோன்றியிருக்கிறது. வெளியூர் பக்தர்களின் நன்கொடையில் சிமெண்ட் மண்டபம், டைல்ஸ், வண்டி நிறுத்த இடம். மரத்தடியில் இருக்க விரும்பிய தெய்வத்துக்கு மரத்தை வெட்டிக் கட்டடம் கட்டிக் கொடுப்பது எந்த ஆகமத்தில் இருக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லட்டும். நன்கொடை தருகிற பக்தர் ஒரு கேள்வி கேட்டாலே போதும்: "இதுக்கு எத்தனை மரம் போகும்?"

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. 1990-களில் வனத்துறையும் பெங்களூரு மூலிகை ஆய்வு நிறுவனம் ஒன்றும் சேர்ந்து தமிழகத்தில் மூலிகைப் பாதுகாப்புப் பகுதிகளைக் குறித்தபோது கொல்லிமலையும் அதில் இடம்பெற்றது. காப்புக் காட்டிலிருந்து அனுமதியின்றி எதையும் எடுப்பது குற்றம். 2006-ன் வன உரிமைச் சட்டம் சிறு வனப் பொருட்களைச் சேகரிக்கவும் விற்கவும் பழங்குடிகளுக்கு உரிமை தந்திருக்கிறது; அதே சட்டத்தின் 5-வது பிரிவு காட்டையும் அதன் உயிரினங்களையும் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்குக் கொடுத்திருக்கிறது. உரிமையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், இந்த 5-வது பிரிவைப் பற்றிப் பேச்சே கிடையாது. எந்தச் சரிவில் எத்தனை வருஷம் கிழங்கு எடுக்கக் கூடாது, எந்த மாதம் கூடாது, வேரில் எவ்வளவு விட்டுவைக்க வேண்டும் என்று தீர்மானிக்கத் தகுதியானவர்கள் அந்தந்த நாட்டு ஊர்க்கவுண்டர்களும் கிழங்கெடுக்கும் பெண்களும்தான். சென்னையில் உட்கார்ந்து போடும் தடை, வியாபாரத்தை ராத்திரிக்கு மாற்றும், அவ்வளவே.

இதைப் படித்துவிட்டு யாராவது மலைக்குப் போய், கூறு வைத்து உட்கார்ந்திருக்கும் பாட்டியிடம் சண்டை பிடித்தால் அதைவிட அபத்தம் இல்லை. அவருக்கு அன்றைய பஸ் காசு அந்தக் கூறில் இருக்கிறது. வாங்குபவர் இருக்கும்வரை அவர் உட்காருவார். வேறொன்றை வாங்கினால் வேறொன்றை வைத்துக்கொண்டு உட்காருவார். இதில் தீர்மானம் செய்வது நம் கை.

முடவாட்டுக்காலைத் தண்டுத் துண்டிலிருந்து வளர்க்க முடியும். தளிர் மொட்டோடு ஒரு துண்டைத் தேங்காய் நாரில் சுற்றிப் பலா மரத்தில் கட்டி, நிழலும் ஈரமும் கிடைக்கும்படி பார்த்துக்கொண்டால் பிடித்துக்கொள்ளும். தங்கள் தோட்டத்து மரத்தில் வளர்த்ததை மட்டும் விற்கும் குழுக்கள் உருவாகி, வனத்துறையோ தோட்டக்கலைத் துறையோ அதற்கு ஒரு முத்திரை கொடுத்தால், அந்தச் சூப்பை நான் முதல் ஆளாக நின்று குடிப்பேன். மாகாளியையும் விதையிலிருந்தும் திசு வளர்ப்பிலும் பெருக்க முடியும் என்று ஆராய்ச்சியாளர்கள் காட்டிவிட்டார்கள். வயலில் விளைந்த மாகாளி கடைக்கு வரும்வரை ஊறுகாய் ஜாடி கொஞ்ச நாள் காலியாக இருக்கட்டும். வடு மாங்காய் இருக்கிறது, நார்த்தை இருக்கிறது.

அதுவரை, இந்த ஆடியில் கொல்லிமலை ஏறுகிறவர்களே, தயவுசெய்து கேளுங்கள். சோளக்காட்டுச் சந்தையில் மிளகு வாங்குங்கள், காப்பிக்கொட்டை வாங்குங்கள், பலாவும் அன்னாசியும் மலைவாழையும் தூக்க முடிந்த மட்டும் வாங்குங்கள். சாமை அரிசி இருக்கிறதா என்று கடை கடையாகக் கேளுங்கள். நாலு பேர் கேட்டால்தான் அடுத்த பட்டத்தில் யாராவது ஒருவர் கூடுதலாக ஒரு கொல்லை விதைப்பார். விலை பேசாமல் வாங்குங்கள். ரோமம் போர்த்திய அந்தக் கூறையும், மண் ஒட்டிய வேர்க்கட்டையும், கயிற்றில் தொங்கும் கிழங்கையும் தொடாமல் வந்துவிடுங்கள். ஆன்லைன் கூடையில் ஏற்கெனவே போட்டு வைத்திருந்தால் இப்போதே நீக்கிவிடுங்கள்.